எஸ்பிஎம் சுமார்தான், ஆனாலும் நல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றால்

கோலாலம்பூரின் செந்தூலில் மாலை நேரங்களில் கணித டியூஷன் எடுக்கிறேன். எஸ்பிஎம், அதாவது மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் மட்டும் கணக்கு கேட்க யாரும் வருவதில்லை. "அக்கா, ஆட் மேத்ஸ்ல ஈ. இனி அமெரிக்காவை மறந்துட வேண்டியதுதானா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், பின்னால் முகம் வாடிய அம்மாவோடு. என் சான்றிதழிலும் கூடுதல் கணிதத்துக்கு ஈ, இயற்பியலுக்கு டி. அதற்குப் பின்னால் பெரிய சோகக் கதை எதுவும் இல்லை. பிறகு சுபாங் ஜெயாவில் அமெரிக்கப் பட்ட மாற்றல் திட்டத்தில், அதாவது முதல் பகுதியை இங்கே படித்து மீதியை அமெரிக்காவில் முடிக்கும் திட்டத்தில் சேர்ந்து, அங்கிருந்து விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்த் தொழிலகப் பொறியியல் முடித்தேன். வருகிறவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எஸ்பிஎம் தரம் எங்கும் மறைந்துவிடாது. நிறையப் பல்கலைக்கழகங்கள் மாற்றல் மாணவரிடமும் பள்ளிச் சான்றிதழைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் கையில் எத்தனை கல்லூரி கிரெடிட் (பாட அலகு) இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் கனம் குறையும். ஒரு செமஸ்டர் மட்டும் படித்துவிட்டு விண்ணப்பித்தால், சேர்க்கைக் குழுவின் மேசையில் உங்களைப் பற்றி இருப்பது பெரும்பாலும் பள்ளித் தரங்கள்தான். 45, 60 கிரெடிட் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் அவர்கள் முதலில் பார்ப்பது கல்லூரித் தரங்களை. அமெரிக்க இளங்கலைப் பட்டம் ஏறக்குறைய 120 கிரெடிட். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வீதம் நான்கு செமஸ்டர் என்றால் 60, அதாவது பாதிப் பட்டம். பள்ளியில் நன்றாகச் செய்த நண்பன் ஓராண்டிலேயே கிளம்புகிறான் என்று பதற வேண்டாம். அவனுக்கு அது சரி. பலவீனமான எஸ்பிஎம் உள்ளவருக்குக் காத்திருப்பதுதான் லாபம். செலவும் குறையும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் திட்டங்களில் சேரப் பொதுவாக எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேல் வேண்டும். மலாய் மொழியும் வரலாறும் தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. அந்த இரண்டில் ஒன்று விழுந்திருந்தால் முதல் வேலை மறுதேர்வு. கோலாலம்பூர்ப் பக்கம் இன்டி, டெய்லர்ஸ் போன்ற இடங்கள் இந்தத் திட்டத்துக்குப் பெயர் பெற்றவை. எந்தக் கல்லூரி என்பதைவிட, கடந்த சில ஆண்டுகளில் அங்கிருந்து யார் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் துறைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பல்கலைக்கழகக் கொடிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். "போன வருஷம் பொறியியலுக்குப் போனவங்க யார், எங்க போனாங்க?" என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் ஆலோசகர் இருக்கும் கல்லூரியைப் பிடியுங்கள்.

பாடம் எடுப்பதில்தான் சூட்சுமம்

எஸ்பிஎம்மில் எந்தப் பாடம் காலை வாரியதோ, அதே பாடத்தைக் கல்லூரியில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். கூடுதல் கணிதத்தில் ஈ வாங்கியவர் கல்லூரியில் உளவியல், பொதுப்பேச்சு, தொடர்பாடல் என்று எளிய பாடங்களாகச் சேர்த்துத் தரப் புள்ளிச் சராசரியை முழு 4.0 என்று காட்டினால், விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் மிஞ்சும்: கணக்கு என்ன ஆச்சு? மாறாக, முன்-கால்குலஸில் ஏ, கால்குலஸ் ஒன்றில் ஏ, இரண்டில் ஏ மைனஸ் என்று வரிசையாக இருந்தால், எஸ்பிஎம் ஈ பற்றி நீங்கள் வாயே திறக்க வேண்டாம். நுழைவுச் சோதனையில் முன்-கால்குலஸில் போட்டால் முனகாமல் அங்கிருந்தே தொடங்குங்கள். "நேரா கால்குலஸ்ல போட்டு விடுங்க சார்" என்று கெஞ்சி ஏறியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் செமஸ்டர் நடுவில் பாடத்தைக் கைவிட்டார்கள்.

முதல் செமஸ்டரில் 12 முதல் 15 கிரெடிட் போதும். பதினெட்டு எடுத்து வீரம் காட்டுவதில் பயனில்லை. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், டியூஷன் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பலகையில் போடும் அதே கணக்கு. ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட். அதில் கால்குலஸ் 4 கிரெடிட், அதில் சி வந்துவிட்டது. மீதி 11 கிரெடிட்டிலும் ஏ. பதினொன்று பெருக்கல் நான்கு 44, நான்கு பெருக்கல் இரண்டு 8, மொத்தம் 52. அதைப் பதினைந்தால் வகுத்தால் சராசரி 3.47. அடுத்த செமஸ்டரில் 15 கிரெடிட்டும் ஏ வாங்கினால் 112-ஐ முப்பதால் வகுக்க வேண்டும், 3.73. மூன்றாவதிலும் முழுக்க ஏ என்றால்தான் 172-ஐ நாற்பத்தைந்தால் வகுத்து 3.82. ஆக, ஒரே ஒரு சி-யைச் சரிக்கட்ட இரண்டு முழு செமஸ்டர் பிசகில்லாமல் படிக்க வேண்டும். பள்ளித் தரம் ஏற்கெனவே சுமாராக இருப்பவருக்கு இந்த இடறல் ஆகாது.

பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய தரம் அழிந்துவிடும் என்று கல்லூரியில் சொல்வார்கள். அவர்கள் ஏட்டில் அழியலாம். ஆனால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே கணக்குப் போடும்போது இரண்டு முயற்சிகளையும் சேர்த்துக்கொள்ளும். பாடம் கைமீறுகிறது என்று தெரிந்தால், கெடு முடிவதற்குள் விலகி ஒரு 'டபிள்யூ' வாங்கிக்கொள்வது சி-யைவிட நல்லது என்பது என் கருத்து. ஒன்றிருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்று நான்கு வரிசையாக இருந்தால்தான் கேள்வி வரும்.

எம்பியு எனப்படும் கட்டாயப் பாடங்களும் உள்ளூரில் உண்டு. அவை அங்கே போனால் பெரும்பாலும் பொது விருப்பப் பாடமாகக் கணக்கில் வரும், அல்லது வராமலே போகும். அதற்காக அலட்சியம் காட்ட வேண்டாம், தரப் பட்டியலில் அந்த வரியும் இருக்கும். ஆங்கில எழுத்துப் பாடம் இரண்டையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அனேகமாக எல்லாப் பல்கலைக்கழகமும் கேட்கும். சில இடங்களில் அதைக் காட்டி டோஃபல், ஐஎல்ட்ஸ் தேர்விலிருந்து விலக்கும் பெறலாம். மலேசிய ஆங்கிலத் தேர்வான முவெட்டை நம்பி இருக்காதீர்கள், அதற்கு அங்கே பெரும்பாலும் மதிப்பு இல்லை.

காகிதங்கள்

சேர்ந்த முதல் வாரமே ஒரு கோப்பு வாங்கி, ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் அதில் போட்டு வையுங்கள். விரிவுரையாளர் முதல் வகுப்பில் கொடுக்கும் அந்த நான்கைந்து பக்கம்தான். பாடநூலின் பெயரும் பதிப்பும், வாரவாரியான தலைப்புகள், வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, ஆய்வகம் உண்டா, மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கே போனபின் "இந்த இயற்பியல் எங்கள் இயற்பியலுக்குச் சமமா?" என்று துறை முடிவு செய்வது இந்தத் தாளை வைத்துத்தான். கால்குலஸ் சார்ந்த இயற்பியலா, வெறும் இயற்கணித இயற்பியலா என்பது பாடத்தின் பெயரில் தெரியாது, வாரத் தலைப்புகளில்தான் தெரியும். ஆய்வக மணி எழுதப்படாமல் இருந்தால் விரிவுரையாளரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். விரிவுரையாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பிறகு அந்தத் தாளைத் தேடுவது பெரும்பாடு.

பழைய பள்ளியிலிருந்து படிவம் 4, 5 மதிப்பெண் பதிவுகளும் தேவைப்படலாம். எஸ்பிஎம் தாள் மட்டும் போதும் என்று சில இடங்கள் சொல்லும், சில இடங்கள் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணையும் கேட்கும். பள்ளி அலுவலகக் கிராணியிடம் போகும்போது வெறுங்கையோடு போய் "ரிப்போர்ட் கார்டு வேணும்" என்று நிற்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, பிறப்புப் பத்திர எண், எதற்காக வேண்டும் என்று மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். அவர் தலைமையாசிரியரிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் சாப்பு அடித்துத் தருவார். பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம் போனால் வேலை நடக்காது. மலாய் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஐடிபிஎம் என்னும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம் சான்றளித்துச் செய்து தரும்.

எங்கே விண்ணப்பிப்பது

"ஹார்வர்டுக்குப் போடலாமா அக்கா?" என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மிக உயரத்தில் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் மாற்றலில் எடுப்பது மிகக் குறைவு. பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு மாற்றல் மாணவர்களை எடுக்காமலே இருந்து, 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. அதுவும் முன்னாள் ராணுவத்தினர், சமூகக் கல்லூரி (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) மாணவர்கள், வசதி குறைந்தவர்களை மனத்தில் வைத்து. தனியாரில் கார்னெலும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் மாற்றல் மாணவர்களை அதிகம் எடுப்பவை. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள், அதாவது விஸ்கான்சின், மிச்சிகன், பர்டியூ, மினசோட்டா, இல்லினாய் போன்றவை நம்மவர்களுக்குப் பழகிய தடம். ஆனால் கணினி அறிவியல் என்றால் அங்கேயும் வாசல் குறுகல். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், துறை சேர்த்துக்கொள்ளாது என்ற நிலை வரும். துறையின் மாற்றல் நிபந்தனையைத் தனியாகப் படியுங்கள்.

கலிபோர்னியா பற்றி அடிக்கடி ஒரு கணக்கு அரைகுறையாகச் சொல்லப்படுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏ-வில் புதுமுகமாக விண்ணப்பிப்போரில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது, மாற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. இது உண்மைதான். ஆனால் அந்த மாற்றல் இடங்களில் பெரும்பங்கு கலிபோர்னியச் சமூகக் கல்லூரி மாணவர்களுக்குப் போகிறது, அவர்களுக்குத்தான் முன்னுரிமை. சுபாங்கிலிருந்து நேராக விண்ணப்பிப்பவருக்கு அந்த நான்கில் ஒன்று பொருந்தாது. கலிபோர்னியாதான் வேண்டும் என்றால் இரண்டு ஆண்டையும் சான்டா மோனிகா, டி ஆன்சா போன்ற சமூகக் கல்லூரியிலேயே படிக்கலாம். எஸ்பிஎம் தரம் அங்கே பெரிய தடை இல்லை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்ற ஒப்பந்தமும் சமூகக் கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே டாலரில் செலவு செய்ய வேண்டும். அதனால் நான் இதைப் பலருக்குச் சிபாரிசு செய்வதில்லை.

விண்ணப்பக் காலமும் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியப் பல்கலைக்கழக விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். ஜனவரியில் முந்தின செமஸ்டர் தரங்களைப் புதுப்பிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. நம் கல்லூரி செமஸ்டர் எப்போது முடிகிறது, தரப் பட்டியல் எப்போது கைக்கு வரும் என்று பார்த்துத் திட்டம் போடுங்கள். கடைசி நாளுக்கு மறுவாரம் முடிவு வந்து பயனில்லை.

கடிதமும் கட்டுரையும்

பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் வழியாக விண்ணப்பித்தால், மாற்றல் மாணவருக்கென்று தனி விண்ணப்பம் உண்டு. சில பல்கலைக்கழகங்கள் கல்லூரி அறிக்கை என்று ஒரு படிவமும், நடப்புப் பாடங்களின் இடைக்காலத் தர அறிக்கையும் கேட்கும். முதலாவதைக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகம் நிரப்ப வேண்டும், மற்றதில் ஒவ்வொரு விரிவுரையாளரும் உங்கள் இப்போதைய தரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் படிவம் ஓர் அலுவலகத்தில் யாருடைய வேலை என்று தெரியாமல் மேசை மேசையாகச் சுற்றியது. எனவே படிவத்தை அச்செடுத்து, எந்த இடத்தில் கையெழுத்து என்று பென்சிலால் குறியிட்டு, நீங்களே எதிரில் உட்கார்ந்து வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பாசமான விரிவுரையாளரைவிடக் கடினமான பாடத்தின் விரிவுரையாளர் மேல். கால்குலஸ் எடுத்தவர், "இந்த மாணவி முதல் தேர்வில் தடுமாறினாள், பிறகு என் அறைக்கு வாராவாரம் வந்து வகையீட்டுக் கணக்குகளைப் போட்டுக் காட்டினாள்" என்று எழுதினால், எஸ்பிஎம் ஈ-க்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அப்படி எழுத அவருக்கு விஷயம் வேண்டும் அல்லவா? அறைக்குப் போங்கள். திருத்திய விடைத்தாளை வைத்திருங்கள். கடிதம் கேட்கும்போது அதன் நகலைக் கொடுங்கள்.

கட்டுரையில் எஸ்பிஎம் பற்றிப் புலம்பக் கூடாது. பள்ளி சரியில்லை, ஆசிரியர் சரியில்லை, குடும்பச் சூழல் என்று பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நோயோ மரணமோ இருந்தால் சொல்லலாம், சுருக்கமாக. இல்லையென்றால் கூடுதல் தகவல் பகுதியில் இப்படி எழுதினால் போதும்: "படிவம் 5-இல் கூடுதல் கணிதத்தில் என் தரம் ஈ. கல்லூரியில் முன்-கால்குலஸிலிருந்து தொடங்கிக் கால்குலஸ் மூன்று வரை முடித்திருக்கிறேன். தரங்கள் இணைப்பில் உள்ளன." அவ்வளவுதான். மீதி இடம் முழுவதும் ஏன் இந்தத் துறை, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு. அந்தத் துறையின் மூன்றாம் ஆண்டுப் பாடப் பட்டியலைத் திறந்து, உங்கள் கல்லூரியில் இல்லாத இரண்டு பாடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "உலகத் தரம் வாய்ந்த கல்வி" என்ற தொடரை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள்.

ஏஜெண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குபவர், கமிஷன் கொடுக்கும் இடத்துக்குத்தான் உங்களைத் தள்ளுவார். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல அந்தப் பட்டியலிலேயே இருக்காது. கோலாலம்பூரில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் 1963 முதல் இயங்குகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை அங்கேதான். முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

பணம்

இதைக் கடைசியில் வைத்தாலும் வீட்டில் முதலில் பேச வேண்டியது இதுதான். இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே என்றால் ரயில், சாப்பாடு, வீடு எல்லாம் பாதிக் காலத்துக்கு ரிங்கிட்டில் போகும். நான் செந்தூலிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் போய், எல்ஆர்டி மாறி, கல்லூரிப் பக்கம் எஸ்எஸ்15 நிலையத்தில் இறங்குவேன். மதியம் கட்டுச்சோறு. ஆனால் அங்கே போன பிறகு மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை சொற்பம். பர்டியூ 2013-லிருந்து பல ஆண்டுகளாகப் படிப்புக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பதால் நம் குடும்பங்கள் அதை முதலில் பார்ப்பது நியாயமே. ஹார்வர்டும் யேலும் புதுமுக மாணவருக்குத் தாராளமாக உதவும் என்பதைக் கேட்டு, எல்லாத் தனியாரும் மாற்றல் மாணவருக்கும் அப்படியே தரும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு மாற்றல் மாணவருக்கு உதவி உண்டா, உதவி கேட்டால் அது சேர்க்கை முடிவைப் பாதிக்குமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வர, முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் இருப்பதை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். பெற்றோரின் கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் கல்விக்காக எடுக்க வழி உண்டு. மலேசிய இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்துவரும் எம்ஐஇடி அமைப்பையும் விசாரியுங்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் முறைக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். நேர்காணல் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணிக்கு மேல் வேலை செய்ய முடியாது, அதுவும் வளாகத்துக்குள். எனவே "அங்கே போய் வேலை பார்த்துக் கட்டிக்கிறேன்" என்ற திட்டம் ஆகாது.

இடம் கிடைத்ததும் கடைசி செமஸ்டரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். இறுதித் தரப் பட்டியலைப் பார்த்து இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பிறகு கிரெடிட் மதிப்பீடு வரும். அதில் ஏதேனும் பாடம் "பொது விருப்பப் பாடம்" என்று மட்டும் வந்திருந்தால் அதுவே முடிவு இல்லை. அந்தத் துறையின் ஆலோசகருக்குப் பாடத்திட்டத் தாளை அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். என் புள்ளியியல் பாடம் அப்படித்தான் முதலில் கணக்கில் வராமல் இருந்து, தாளை அனுப்பிய பிறகு துறைப் பாடமாக ஏறியது. வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், பாடப்பதிவு அதைப் பொறுத்துத்தான்.